ஒரே கண்மாய்க்கு மூன்று முறை

மதுரை,
மார்ச் 8.

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது செய்தித்தாளைத் தாமே வாசித்து எனக்குச் செய்தி சொல்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். உன் மகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதை எழுதியிருந்தாய். முடிவு வந்ததும் தெரிவி. உன் கடிதம் வந்து பத்து நாளாகியும் பதில் எழுதாததற்குத் திருப்புதல் தேர்வுத் தாள்களே காரணம்.

வருகிற கல்வியாண்டில் உங்கள் பள்ளியில் வகுப்பறையை விட்டு வெளியே ஒரு வாரம் கலையும் களப்பணியுமாக நடத்தப் போவதாகவும், அந்தப் பொறுப்பு உன் தலையில் விழுந்திருப்பதாகவும், சென்ற மாதம் எங்கள் பள்ளியில் நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். மறைக்க எதுவும் இல்லை. நடந்தவற்றில் பாதி நாங்கள் திட்டமிடாதவை. திட்டமிட்டவற்றில் பாதி நடக்கவில்லை.

முதலில் நாங்கள் போட்ட திட்டம் ஐந்து நாள், ஐந்து ஊர். திங்கட்கிழமை கீழடி அருங்காட்சியகம், செவ்வாய் அரிட்டாபட்டி, புதன் தமுக்கம் பக்கத்துக் காந்தி நினைவு அருங்காட்சியகம், வியாழன் கீழக்குயில்குடி சமணர் மலை, வெள்ளி நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். ஒவ்வொன்றும் பார்க்க வேண்டிய இடம்தான். அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே பிள்ளைகளை அழைத்துப் போகவில்லை என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களை ஐந்து நாளும் ஏற்றிச் செல்லப் பேருந்துக்காரர் சொன்ன வாடகையைக் கேட்டதும் எங்கள் தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுவிட்டார். இறுதியில் ஒரு நாள் பேருந்து, மற்ற நாள்களில் நடந்து போகிற தூரம் என்று முடிவாயிற்று. நடந்து போகிற தூரத்தில் எங்களுக்கு இருப்பது ஊர்க் கண்மாய் ஒன்றுதான். ஆகவே திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை கண்மாய் என்று எழுதிக்கொண்டோம். வேறு வழியில்லாமல் எடுத்த அந்த முடிவுதான் அந்த வாரத்தைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

நான் இதில் விருப்பத்தோடு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007-08இல், பாட அட்டைகளைக் கொண்டு பிள்ளைகளே படிக்கும் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தபோது நாம் இருவரும் அட்டைகளை எண்ணி அடுக்கியே மாலைப் பொழுதுகளைக் கழித்தோமே, நினைவிருக்கிறதா? அதன் நல்ல பகுதி எது, வெறும் பதிவேடு எது என்று பிரித்தறிய எனக்குப் பல ஆண்டு பிடித்தது. அதனால் புதிதாக எது வந்தாலும் இதிலும் புகைப்படம் எடுத்து அனுப்புவதுதான் மிஞ்சப் போகிறது என்ற எண்ணம் எனக்கு முதலில் வந்துவிடுகிறது.

முதல் நாள் கண்மாயில் அந்த எண்ணம் உறுதிப்பட்டது. (உங்கள் பக்கம் ஏரி என்பீர்கள், மதகு என்பீர்கள், நிரம்பி வழிந்தால் கோடி போகிறது என்பீர்கள், எங்களுக்கு அது கண்மாய், மடை, மறுகால். பயிற்சிப் பள்ளி விடுதியில் இதற்காக நாம் ஓர் இரவு முழுவதும் சண்டையிட்டது உனக்கு மறந்திருக்காது.) பிள்ளைகள் கரையில் ஏறியதும் எழுந்த சத்தத்தில், நீர்ப்பரப்பில் இருந்த அத்தனை பறவைகளும் எழும்பி அக்கரைக்குப் போய்விட்டன. 'பார்த்ததை எழுதுங்கள்' என்றோம். எல்லா நோட்டிலும் தண்ணீர், மரம், பறவை, கரை என்ற நான்கு சொற்கள். ஒரு நோட்டில் மட்டும் கூடுதலாக 'செருப்பு'. அவன் பார்த்ததைத்தான் எழுதியிருந்தான்.

ஆனால் அன்று கிளம்பும்போது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தண்ணீர் கரையைத் தொடுகிற இடத்தில் ஒரு வேப்பங்குச்சியை ஊன்றி வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, 'புதன்கிழமை வரும்போது நாம நின்ன இடம் தெரியணும்ல சார்' என்றாள். நின்ற இடத்தைக் குறிக்க ஊன்றிய குச்சி அது. புதன்கிழமை போய்ப் பார்த்தால் தண்ணீர் குச்சியை விட்டு ஒரு சாண் விலகியிருந்தது. தண்ணீர் எங்கே போயிற்று என்று அங்கேயே இரண்டு கட்சி உண்டானது. மடை திறந்திருக்கிறது, வயலுக்குப் போயிற்று என்றது ஒன்று. வெயில் குடித்துவிட்டது என்றது மற்றொன்று. நான் தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற தமிழாசிரியர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அதுதான்.

தீர்ப்பு தானாகவே வந்தது. வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சிப் பெரியவர் அன்று நாங்கள் கிளம்பியதுமே மடையை அடைத்துவிட்டார். எங்களுக்காக அல்ல, கடைசி வயலும் அறுவடைக்கு வந்துவிட்டதால். வெள்ளிக்கிழமை போனபோது, புதன்கிழமை ஊன்றிய இரண்டாவது குச்சியிலிருந்து தண்ணீர் நான்கு விரல் மட்டுமே விலகியிருந்தது. மடை திறந்த இரண்டு நாளுக்கு ஒரு சாண், அடைத்த இரண்டு நாளுக்கு நான்கு விரல். இரண்டு கட்சியும் வென்றன. எந்தக் கட்சிக்கு எவ்வளவு பங்கு என்பதையும் விரலால் அளந்து சொல்ல முடிந்தது. மண்ணுக்குள் ஊறி இறங்கிய நீரும் அந்த நான்கு விரலில் அடக்கம் என்பதை நான் சொல்லவில்லை. அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் போயிருந்தால் கண்மாய் அந்தப் பிள்ளைகளின் நோட்டில் 'தண்ணீர்' என்ற ஒரு சொல்லாகவே நின்றிருக்கும்.

அந்தப் பெரியவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதன்கிழமை அவர் நீருக்குள் நிற்கிற மடைத்தூண்களைக் காட்டி, கரையில் ஈர மண்ணைக் குவித்து, அதில் விரலால் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் துளையிட்டு, குமிழித்தூம்பு என்ற அந்த மடை எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். மேல்துளை வழியே தெளிந்த நீர் வயலுக்குப் போகும், அது நீரோடித்துளை. கீழ்த்துளை அடியில் படியும் சேற்றைச் சுழற்றி வெளியே தள்ளும், அது சேறோடித்துளை. நீரோடு வண்டலும் சேர்ந்து போவதால் வயலுக்கு எரு, கண்மாய்க்குத் தூர்வாரும் வேலை மிச்சம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், கீழ்த்துளை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டான். பெரியவர் கண்மாயின் நடுவே மேடிட்டுக் கருவேலம் முளைத்துக் கிடந்த இடத்தைக் கையால் காட்டினார். வேறு பதில் சொல்லவில்லை.

பறவைகளும் மூன்றாம் நாள்தான் எங்களை ஏற்றுக்கொண்டன. இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு இணைக்கும் கரையில் பத்தடி இடம் ஒதுக்கி, இருபது நிமிடம் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது, பேசவும் கூடாது என்று புதன்கிழமையே பழக்கியிருந்தோம். வெள்ளிக்கிழமை ஓர் இணை, முக்குளிப்பான் தண்ணீருக்குள் போய் வெளியே வருகிற நேரத்தை ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணி ஒவ்வொரு முறையும் எழுதி வைத்திருந்தது. வேறோர் இணை கரையில் கிடந்த நத்தை ஓடுகளைப் பொறுக்கிக் குவித்தபின், எதிரே நத்தைகுத்தி நாரை ஒன்று நிற்பதைக் கண்டது. அதன் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி தெரியும் என்பதைப் பாடநூலில் பார்த்தவன், 'நிசமாவே மூடல சார்' என்று என் காதில் வந்து சொன்னான். பேசக் கூடாது என்ற விதியை அவன் மீறியதை நான் கண்டுகொள்ளவில்லை.

அடுத்தது மண் வேலை. திங்கட்கிழமை கண்மாயிலிருந்து அள்ளி வந்த களிமண்ணில் பிற்பகல் முழுவதும் பிள்ளையார், யானை, அகல், அடுப்பு என்று செய்து மைதானத்து வெயிலில் காய வைத்தோம். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் ஏறத்தாழ எல்லாமே வெடித்துவிட்டன. யானைகளுக்குத் தும்பிக்கை தனியே கிடந்தது. ஒரு பையன் அழுதேவிட்டான். புதன்கிழமை பிற்பகல் விளாச்சேரியிலிருந்து கொலுப்பொம்மை செய்யும் பெரியவர் ஒருவர் வந்தார். உடைந்த துண்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்து, ஒடித்துப் பார்த்து, 'மண்ணு நல்ல மண்ணுதான், மணல் இல்ல, நிழலும் இல்ல' என்றார். களிமண் காயும்போது நீர் வெளியேறிச் சுருங்குகிறது. மெல்லிய தும்பிக்கை முதலில் காய்ந்து சுருங்க, கனத்த உடம்பு ஈரமாகவே இருக்க, இரண்டும் சேருமிடத்தில் பிளவு விழுகிறது. சலித்த நொய்மணலைச் சேர்த்தால் சுருக்கம் குறையும். நிழலில் ஈரத்துணி மூடி மெதுவாக உலர்த்தினால் எல்லாப் பகுதியும் ஒன்றுபோலக் காயும். காலால் மிதித்து அவர் பதம் காட்டிய மண்ணில் இரண்டாம் முறை செய்த யானைகள் இப்போது ஆசிரியர் அறை அலமாரியில் தும்பிக்கையோடு நிற்கின்றன. திங்கட்கிழமையே அவரை அழைத்திருக்கலாமே என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் யானை உடையாமல் இருந்திருந்தால் அந்தப் பெரியவர் பேசியதை எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள்?

இனி நிழல். உனக்கு நான் எழுத விரும்பியதே இதுதான். மற்றவை வழியில் வந்தவை.

கணக்காசிரியன் என்ற முறையில் எனக்கென்று நான் கேட்டு வாங்கிக்கொண்டது இந்த ஒரு செயல்பாடு மட்டுமே. மைதானத்தில் ஒரு மீட்டர் உயரக் கம்பை நூல்குண்டு வைத்துச் செங்குத்தாக நட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் முளை அடிப்பது. செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு ஆரம்பித்தோம். பதினொன்றேகாலுக்கு ஒரு கால்பந்து வந்து கம்பைச் சாய்த்தது. புதன்கிழமை கம்பைச் சுற்றிக் கயிறு கட்டி, இரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்தினோம். காலை 11 மணிக்கு நிழல் 66 செ.மீ. இருந்தது. அந்த நீளத்தைக் கயிற்றில் எடுத்து, கம்பை நடுவாக வைத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டோம். பிறகு நிழல் வட்டத்துக்குள்ளேயே சுருங்கிக்கொண்டு போனது.

12 மணிக்குப் பள்ளி மணி அடித்தது. உச்சி வந்துவிட்டது, இனி நிழல் நீளும் என்று எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, அது இன்னும் சுருங்கியது. 12.10, 12.20; இன்னும் கொஞ்சம் சுருங்கியது. நுனி எங்கே முடிகிறது என்பதிலும் தகராறு, ஏனெனில் சூரியன் ஒரு புள்ளி அல்ல, வட்டு. நிழலின் விளிம்பு மங்கலாகத்தான் விழும். மங்கலின் இரு எல்லையையும் குறித்து நடுவை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மிகக் குறைந்த நீளம் 45 செ.மீ. என்று வந்தது, ஆனால் அது எந்த நிமிடத்தில் என்று சொல்ல முடியவில்லை, நிழல் அங்கே வெகுநேரம் அசையாததுபோல நின்றது. பிற்பகல் 2 மணி 3 நிமிடத்துக்கு நிழல் நுனி மறுபுறம் வட்டத்தைத் தொட்டது. உச்சிக்கு முன்னும் பின்னும் நிழல் ஒன்றுபோல மாறும் என்பதால், பதினொரு மணிக்கும் இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கும் நடு எது என்று கணக்கிட்டார்கள்: 12 மணி 31½ நிமிடம். 'அப்ப நம்ம பள்ளிக்கூடத்து பெல்லு தப்பா சார்?' என்றான் கால்பந்தை உதைத்த அதே பையன்.

பெல் தப்பில்லை. இந்தியாவின் கடிகாரம் முழுவதும் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. மதுரை அதற்கு மேற்கே 78 பாகையை ஒட்டி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் ஏறத்தாழ 17½ நிமிடம் நமக்கு உச்சி தாமதம். மீதி 14 நிமிடம் பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் பிப்ரவரியில் சேர்ந்துகொள்வது. இதே கம்பை நவம்பர் தொடக்கத்தில் நட்டால் உச்சி 12 மணியை ஒட்டியே வந்துவிடும். முதல் பகுதியை ஏழாம் வகுப்புக்கு விளக்கிவிட்டேன். இரண்டாம் பகுதியை விளக்க முயன்று நானே குழம்பியதை எட்டாம் வகுப்பு ரசித்தது.

அப்போதுதான் தமிழாசிரியர் நெடுநல்வாடையை எடுத்துக்கொண்டு வந்தார். பாண்டியன் அரண்மனைக்கு இடம் வகுத்ததை நக்கீரர் சொல்லும் இடத்தில், இரண்டு கோல் நட்டு, எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலின் நிழலைக் கொண்டு திசை குறித்து, நூல் அறிந்தவர்கள் நுண்ணிதாகக் கயிறிட்டார்கள் என்று வருகிறது. பிள்ளைகள் தங்கள் கையில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். வகுப்பில் அந்தப் பகுதியைப் பல ஆண்டு நடத்தியதாகவும், அது நடக்கக்கூடிய வேலை என்பது அன்றுதான் தமக்கு உறைத்ததாகவும் அவர் பிறகு என்னிடம் சொன்னார். எனக்கோ அது அந்த நூலில் இருப்பதே தெரியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை பேருந்தில் சமணர் மலைக்குப் போனோம். பேச்சிப்பள்ளத்துப் புடைப்புச் சிற்பங்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்தைத் தொடாமல் பார்த்து எழுதச் சொன்னோம். அச்சணந்தி என்ற துறவியின் தாய் குணமதியார் செய்வித்த திருமேனி என்று ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அம்மாவின் பெயர் கல்லில் இருப்பது மாணவிகளுக்குப் பிடித்துப் போயிற்று. சிற்பங்களைப் பற்றி அதற்கு மேல் எதுவும் மனத்தில் நின்றதாகத் தெரியவில்லை, ஏனெனில் மறுபடி போகவில்லை. செவ்வாய்க்கிழமை சுங்குடி முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தார்கள். நூல் கட்டுத் தளர்ந்து சாயம் உள்ளே இறங்கிப் புள்ளிகள் எல்லாம் மேகமாகின. வெள்ளி மாலை நாடகம் வழக்கம்போல நீண்டது.

பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து, 'சேறு மிதிக்கிறதுக்கு எங்க வீட்டுலயே வயல் இருக்கு, பிள்ளைய படிக்கத்தான் அனுப்புறோம்' என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை என்னால் சமாதானப்படுத்த முடியவில்லை. அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவருடைய மகனுக்கு மடையைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும்.

உனக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நீர்நிலைக்குப் போகும்போது பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் இல்லாமல் போகாதே. கரையின் எந்தப் பகுதி ஆழம் என்று ஊர்க்காரரிடம் முந்தின நாளே கேட்டுவை. தொப்பியும் குடிநீரும் பிள்ளைகள் மறப்பார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடு. ஒவ்வொரு மாலையும் அறிக்கை எழுதச் சொல்லாதே. நாங்கள் முதல் நாள் சொன்னோம், நான்கு சொல் வந்தது. நோட்டு கையிலேயே இருக்கட்டும். உங்கள் தலைமையாசிரியர் ஐந்து இடங்களைப் பட்டியலிட்டால் சண்டை போட்டாவது இரண்டாகக் குறைத்து, ஒன்றுக்கு மூன்று முறை போ. இடம் குறைந்தால் பார்ப்பதும் குறையும் என்று உன்னிடம் வாதிடுவார்கள். என்னிடமும் வாதிட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் கம்பை இன்னும் பிடுங்கவில்லை. சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாள்களில், ஏப்ரல் 16 அளவில், சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் வரும். அன்று உச்சிப் பொழுதில் கம்புக்கு நிழலே இருக்காது. உங்கள் திருவண்ணாமலைக்கு அந்த நாள் வர இன்னும் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே எங்கள் கம்பு நிழலில்லாமல் நிற்கும் அதே நாளில், எங்களுக்குச் சுமார் நான்கு நிமிடம் முன்பாக வரும் உங்கள் உச்சிப்பொழுதில், உன் மைதானத்தில் ஒரு மீட்டர் கம்பு வடக்கே ஏறத்தாழ 4 செ.மீ. நிழல் காட்ட வேண்டும். நிழல் வித்தியாசத்தையும் இரண்டு ஊருக்கு இடையிலான தூரத்தையும் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட, பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் அலெக்சாந்திரியாவிலிருந்து செய்த வேலை இதுதான்; அவருக்கு இரண்டாவது ஊராகச் சயீன் நகரம் இருந்தது, எனக்கு நீ இருக்கிறாய். இரண்டு ஊருக்கும் இடையே வடக்குத் தெற்காக எவ்வளவு கிலோமீட்டர் என்பதை வரைபடத்தில் அளந்து வைக்க எங்கள் எட்டாம் வகுப்பு ஏற்கனவே ஆரம்பித்துவிட்டது. நான் சொன்ன 4 செ.மீ. கணக்கை உன் மாணவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதே. அவர்கள் அளந்த எண் எதுவானாலும், தவறாக இருந்தாலும், அதையே அன்று மாலை எனக்குத் தெரிவி. கம்பைச் சுற்றிக் கயிறு கட்ட மறக்காதே. உங்கள் பள்ளியிலும் கால்பந்து இருக்கும்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
விடுதி அறைத் தோழன்.